செந்துறை மச்சினனும் சிவப்புக் கொடியும்

சிமெண்ட் விற்றால் வெளிநாடு போகலாம் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கடை வைத்திருப்பவர்கள் கம்பெனி சொன்ன அளவுக்கு மூட்டை எடுத்துவிட்டால், அது அவர்களை விமானத்தில் ஏற்றி ஏதாவது ஒரு கடற்கரையில் கொண்டுபோய் இறக்கும். மூன்று நாள் சாப்பிட வைத்துத் திருப்பி அனுப்பும். இந்த முறை இலங்கை. செந்துறையில் கம்பி, சிமெண்ட் கடை வைத்திருக்கும் என் மச்சினன் செல்வராசுவுக்கு இரண்டு சீட்டு விழுந்தது. அவன் மனைவிக்கு விமானம் என்றால் ஏறாமலே வாந்தி வரும். ஆகவே இரண்டாவது சீட்டில் நான்.

இதைப் பரிசு என்று யாரும் நினைக்க வேண்டாம். இது பணி ஆணை. பிறப்பித்தவள் என் மனைவி மங்கை. செல்வராசு அவளுடைய ஒரே தம்பி. போன வருடம்தான் திருச்சியில் அவன் இதய அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற கம்பிச் சுருள் வைத்து அனுப்பினார்கள்.

"அவன் தண்ணியக் கண்டா நிக்க மாட்டான். கடல்ல மட்டும் எறங்க வுட்டுடாதீங்க. போன மாதிரியே கொண்டாந்து குடுங்க" என்றாள், என் பெட்டியில் இருமல் மருந்தை வைத்துக்கொண்டே.

நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். தண்ணீரில் இறந்தவர்களுக்கு நிவாரணம் கேட்டு வரும் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். ஏரி, கிணறு, கொள்ளிடம், சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்தில் தேங்கிய மழைநீர். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். அநேகமாக எல்லாக் கோப்பிலும் ஒரு வரி மாறாமல் வரும்: மேற்படி நபர் நன்றாக நீச்சல் தெரிந்தவர். எனக்கு நீச்சல் தெரியாது. அதனால்தான் இன்னும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

விமானத்தில் ஜன்னலோரம் செல்வராசு. கீழே கடல் வந்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "மாமா, எம்மாந் தண்ணி பாருங்க. நம்ம ஏரியப் பாதியாச்சும் இதுலேருந்து ரொப்பக் கூடாதா?" என்றான். நான் பார்க்கவில்லை. முன் சீட்டுப் பையிலிருந்த பாதுகாப்பு அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் இறங்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று படம் போட்டிருந்தார்கள். படத்தில் இருந்த ஆள் சிரித்துக்கொண்டிருந்தான்.

விடுதி தென்கரையில் இருந்தது. நாங்கள் போனது அங்கே தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் காலம். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துக் கடல் யார் பேச்சையும் கேட்காது என்பதும், அதனால்தான் அறைகள் மலிவு என்பதும், அதனால்தான் கம்பெனி எங்களை அப்போது அனுப்பியது என்பதும் போய் இறங்கிய பிறகுதான் புரிந்தது. வரவேற்புக் கூடத்தின் தூணில் மூன்று மொழிகளில் ஒரு பலகை: சுனாமி வந்தால் வெளியேறும் வழி. அம்புக்குறி சமையலறைப் பக்கம் காட்டியது. மற்றவர்கள் மாலையும் இளநீரும் வாங்கிக்கொண்டிருக்கையில் நான் அந்த வழியில் கடைசி வரை நடந்து பார்த்துவிட்டு வந்தேன். கதவு பூட்டியிருந்தது.

விருந்தினர்களைக் கவனிக்கும் பொறுப்பில் தர்ஷினி என்ற பெண் இருந்தாள். மலையகத்துத் தமிழ்ப் பெண். கையில் பலகை மாதிரி ஒரு கணினி. அறைச் சாவி கொடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் விவரம் கேட்டுப் பதிந்தாள். வயது, தொழில், உணவு, நோய், நீச்சல்.

"வருத்தம் ஏதும் இருக்கா சேர்? பிரஷர், சீனி?"

"சுகர்கூட இல்லம்மா. பாறை மாரி இருக்கேன்" என்றான் செல்வராசு. நான் வாயைத் திறந்தேன். அவன் செருப்புக் காலால் என் காலை மிதித்தான். "சொல்லிடாதீங்க மாமா. அப்பறம் கஞ்சிதான் ஊத்துவாங்க" என்று காதோடு சொன்னான்.

"நீச்சல் தெரியுமா சேர்?"

"தெரியுமாவா? அறுவதடிக் கிணத்துல மோட்டார் கொட்டா மேலேருந்து தலகீழாக் குதிப்பேன். போட்டுக்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அதோடு அது ஒரு மானப் பிரச்சினையாகிவிட்டது. உடையார்பாளையம் முருகேசன் வாளித் தண்ணீரில் குளிப்பவர். அவரும், "எனக்கும் போட்டுக்கம்மா" என்றார். கிணற்றுக்காரர்கள் அப்படித்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கிணற்றில் பத்துக் கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும்; பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம்; படி இருக்கும். அதைத்தான் அவர்கள் நீச்சல் என்று நினைத்திருந்தார்கள். லெப்பைக்குடிகாடு ஹனிபா பாய் மட்டும் தலையை ஆட்டினார். அவர் ஹார்டுவேர் கடைக்காரர், துபாயில் பல வருடம் இருந்தவர்.

"எனக்குத் தெரியாதும்மா. துபாய்ல கடலுக்குப் பக்கத்துலயேதான் ரூமு. பாத்துக்கிட்டே இருந்தேன், அம்புட்டுதான்."

தர்ஷினி எல்லாவற்றையும் அப்படியே பதிந்தாள். நடைமுறையில் ஒரு குறையும் இல்லை. விண்ணப்பதாரர் சொன்னது சொன்னபடி.

அன்று சாயங்காலம் எல்லோரும் கரைக்குப் போனோம். மணலில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. அதன் கீழே உயிர்க்காவலர் சுனில். வெற்றிலை மென்றுகொண்டு, தண்ணீர்ப் பக்கம் யார் திரும்பினாலும் விசில் ஊதுவார். நண்டுக்குக்கூட ஊதினார். அதற்கு அப்பால் கடல். கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அது ஒரு பக்கமாகப் போகும், போய்விடும். இது போகவில்லை. வந்தது, இழுத்தது, மறுபடி வந்தது. இழுக்கும்போது மணலோடு கூழாங்கற்கள் உருளும் சத்தம் பல்லைக் கடிப்பது போலக் கேட்டது.

எங்கள் அரியலூர்ப் பக்கமும் ஒரு காலத்தில் கடலாக இருந்ததுதான். வயலில் உழும்போது கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் கிடைக்கும். பல கோடி வருடங்களுக்கு முன் கடல் எங்களை விட்டுப் போனது. நல்ல காரியம் செய்தது. அது விட்டுப்போன சுண்ணாம்பை வெட்டி அரைத்துத்தான் சிமெண்ட் செய்கிறார்கள். அதை விற்றவர்களைப் பிடித்து மறுபடியும் கடலிடமே அனுப்பிவைக்கிறார்கள். இதில் ஏதோ ஒரு கணக்கு நேராகிறது என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

செல்வராசு சட்டையைக் கழற்றினான். விசில். இரண்டடி வைத்தான். நீண்ட விசில். சுனில் ஓடிவந்து கையை விரித்துக் குறுக்கே நின்றார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். "இன்றைக்கு இல்லை, நாளைக்கும் இல்லை என்று சொல்றார்" என்றாள் தர்ஷினி.

"இவரு என்னா நம்ம வாத்தியாரா? காசு குடுத்து... சரி, கம்பெனி காசு குடுத்து வந்துருக்கோம்ல?" என்றான் செல்வராசு. முருகேசன், "பாத்துட்டுப் போறதுக்கு டிவி பத்தாதா?" என்றார். எனக்கு சுனிலின் காலில் விழுந்து கும்பிட வேண்டும் போல இருந்தது.

இரவு உணவு பிரமாதம். ஆப்பம் கண்ணெதிரே சுட்டுப் போட்டார்கள். இடியாப்பம் சிவப்பாக இருந்தது. தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாட்டுத் தூள் கலந்திருந்தது. விரதக்காரர் ஒருவர் இரண்டு கரண்டி போட்டுக்கொண்ட பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டு, மூன்றாவதாக ஒரு கரண்டியும் போட்டுக்கொண்டார். சாம்பார் என்ற பெயரில் பருப்புக் கறி. செல்வராசு அதை வாங்கி மோந்து பார்த்து, "வூட்டுக்காரி வச்சதவிட இது தேவல, அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் தர்ஷினி மேசை மேசையாக அந்தக் கணினியோடு வந்தாள். அதில் முகங்கள். பச்சை முகம் சிரித்தது, மஞ்சள் முகம் சும்மா இருந்தது, சிவப்பு முகம் அழுதது. அறை, சாப்பாடு, பணியாளர், கடற்கரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகத்தைத் தொட வேண்டும். சாப்பாட்டுக்கு எங்கள் ஆட்கள் பச்சையைக் குத்து குத்தென்று குத்தினார்கள். கடற்கரைக்குச் சிவப்பு. செல்வராசு சிவப்பு முகத்தை இரண்டு தரம் அமுக்கினான்.

"ஒருக்கா தொட்டா காணும் சேர்."

"எங் கோவத்துக்கு ஒரு வாட்டி பத்தாதும்மா."

அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. வருகிற விருந்தினர்களை விடுதிக்காரர்கள் இனம் பிரித்து வைத்திருக்கிறார்களாம். புதுமணத் தம்பதிகளுக்குக் கதவு சாத்தியிருந்தால் போதும். எண்ணெய் மசாஜுக்கு வருகிற வெள்ளைக்காரப் பெரியவர்களுக்கு அமைதி. குடும்பத்தோடு வருகிறவர்களுக்குப் பிள்ளைகள் ஆட இடுப்பளவு நீச்சல் குளம். "உங்க குரூப்புக்கு இரண்டு விசயம் சேர். சாப்பாடு, கடல். அதில ஒன்று சிவப்பு வந்தா மேல கேட்பாங்க. இந்த மாசம் வேற நிறையச் சிவப்பு."

அவள் வேலைக்கு அவள் பயந்தாள். நான் மச்சினனுக்குப் பயந்தேன். இரண்டு பயமும் எதிரெதிர்த் திசையில் இழுத்தன.

மறுநாள் ஊர் சுற்றல். ஆமைக் குஞ்சுகளைப் பார்க்க ஆட்டோவில் போனோம். அங்கே த்ரீவீல் என்கிறார்கள். செல்வராசு, பாய், நான். கடலோரமாகவே ரயில் பாதை ஓடுகிறது. அதைக் கடக்கும் இடத்தில், சரியாகத் தண்டவாளத்தின் மேல் வந்ததும் வண்டி நின்றது. ஓட்டுநர் உதைத்தார், திருகினார், பிறகு வண்டியின் பெயரைச் சொல்லிக் கெஞ்சினார். மணி அடிக்க ஆரம்பித்தது.

நான் ரயில் இல்லாத பெரம்பலூர்க்காரன். மணி அடித்தால் பள்ளிக்கூடம் என்றுதான் எனக்குத் தோன்றும். ஹனிபா பாய் என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். "எறங்குங்க சார்! யா அல்லா, எறங்குங்க!" செல்வராசு பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினான். மாடு மாதிரி தள்ளினான். வண்டி நகர்ந்தது. ரயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. கதவுகளில் தொங்கியபடி போன பையன்கள் கை காட்டினார்கள்.

செல்வராசு மூச்சு வாங்கிக்கொண்டே நெஞ்சில் தட்டினான். "பாத்தீங்களா மாமா? வண்டியவே தள்ளிட்டேன். ஒண்ணும் ஆகல. கம்பி சும்மா ஸ்ட்ராங்கா இருக்கு. நம்ம கடைக் கம்பி மாரி."

அந்த ரயில் எங்களை இடிக்காமல் போனதைவிட அவன் அப்படிச் சொன்னதுதான் எனக்கு அதிக நடுக்கம் தந்தது. அதுவரை அவனுக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. இப்போது அதுவும் போய்விட்டது.

அன்று இரவும் சிவப்பு முகங்கள். இந்த முறை மேலாளரே வந்தார். கோட்டுப் போட்டவர், வியர்க்காதவர். எங்கள் மேசைகளுக்கு நடுவில் நின்று ஆங்கிலத்தில் பேசினார், தர்ஷினி தமிழில் சொன்னாள். விருந்தினரின் மகிழ்ச்சியே அவர்களின் மகிழ்ச்சி. ஆகையால் நாளைக் காலை, நீச்சல் தெரியும் என்று பதிவு செய்தவர்களுக்கு மட்டும், கயிறு கட்டிய இடத்தில், கடலில் நிற்க அனுமதி.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முருகேசன் விசில் அடித்தார். சமையலறை வாசலில் சுனில் நின்றிருந்தார். மேலாளர் அந்தப் பக்கம் போனதும் இருவருக்கும் ஏதோ பேச்சு. கேட்டேன், என்ன சொல்கிறார் என்று. தர்ஷினி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கொடியை எடுக்கச் சொன்னா எடுக்கிறன், ஆனா எடுக்கச் சொன்னது நீங்கன்னு எழுதிக் கொடுங்க என்று கேட்கிறார்."

"கொடுத்தாரா?"

"இல்ல சேர்."

சுனில் மேல் எனக்கு மரியாதை வந்தது. எழுத்தில் கேட்கத் தெரிந்த மனிதர்.

நான் மேலாளரின் அறைக்குப் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து பழகியவன், இப்போது நின்றுகொண்டு ஆங்கிலத்தில் பேசினேன். என் மச்சினனுக்கு இதய நோய் இருக்கிறது, ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அவன் விவரத்தில் அதைச் சேர்த்து அனுமதியை ரத்து செய்யுங்கள் என்றேன். அவர் திரையைப் பார்த்தார். நோய் இல்லை என்றே இருந்தது. விருந்தினரின் உடல்நல விவரத்தை இன்னொருவர் சொல்லி மாற்ற முடியாது என்றார். அவரே நேரில் வந்து சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் அவனுடைய அக்காள் கணவன்."

"புரிகிறது சார். ஆனால் சம்பந்தப்பட்டவர் நேரில் வர வேண்டும்."

இந்த வாக்கியத்தை எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன் என்று யோசித்தபடி வெளியே வந்தேன். அது சரியான வாக்கியம்தான். எனக்கு அதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

அறையில் செல்வராசு அரைக்கால் சட்டையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தான். "ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு மாப்ள" என்றேன். அவன் சிரித்தான். "அக்கா சொல்லி வுட்டுச்சா? மாமா, எம்பது வயசுக் கெழவனாட்டம் என்னப் பொத்திப் பொத்தி வக்கிறாங்க எல்லாரும். ஆஸ்பத்திரிலேருந்து வந்த நாள்லேருந்து ஒரு மூட்டையத் தொட வுடல. கடையில உக்காந்து பில்லுதான் போடுறேன். நாளைக்கு ஒரு நாளு. ஒரு முழுக்கு. வுட்டுடுங்க." அவனுக்கு ஆசை கடல் மேல் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தான் இன்னும் பழைய ஆள்தான் என்று பார்த்துக்கொள்ள அவனுக்கு ஒரு தண்ணீர் தேவைப்பட்டது. அதற்கு ஒரு கிணறு போதும். இங்கே கிணறு இல்லை.

படுத்துக்கொண்டு வெளிநாட்டில் மரணம் என்ற தலைப்பில் எனக்குத் தெரிந்த நடைமுறைகளை நினைத்துப் பார்த்தேன். உள்ளூர்க் காவல் துறை, மருத்துவமனைச் சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று, சரக்கு விமானம். வரிசை பிசகாமல் வந்தது. அதில் எங்கும் மங்கையிடம் யார் சொல்வது என்று இல்லை.

காலையில் கொடி இல்லை. கம்பம் மட்டும் நின்றது. இரண்டு மரக்குச்சிகளுக்கு நடுவே மிதவை கட்டிய கயிறு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்கு மேல் போகக் கூடாது என்று தர்ஷினி சொன்னாள். சுனில் வெற்றிலை போடவில்லை. மிதவை வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் முருகேசனுக்குத் திடீரென்று இடுப்பு வலி வந்துவிட்டது. நீச்சல் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஒவ்வொரு காரணத்தோடு மணலில் உட்கார்ந்தார்கள். செல்வராசு மட்டும் போனான்.

"மாப்ள!" என்றேன். காதில் விழவில்லை. கணுக்கால், முழங்கால். அவன் அடுத்த அடிக்கும் காலைத் தூக்கினான்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஏன் என்று கேட்டால் விளக்கம் தர முடியாது. தண்ணீர் காலைத் தொட்டபோது குளிர் முதுகெலும்பு வரை ஏறியது. எங்கள் வீட்டுத் தொட்டியில்கூட நான் கை மட்டும்தான் விடுவேன். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன்.

"மாப்ள, எனக்குப் பயமா இருக்கு. கையப் புடிச்சுக்க."

சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அட, மாமா! நீங்களா! வாங்க வாங்க. பயப்படாதீங்க, நா இருக்கேன்ல?" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். என் கணக்கு அதுதான். நீச்சல் தெரியாத ஒரு மாமனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு தூரம் போக முடியும்? அங்கேயே நின்றான். முழங்கால் தண்ணீர். இரண்டு சின்ன அலைகள் வந்து போயின. அவன் குழந்தை மாதிரி கத்தினான். கரையில் எல்லோரும் வீடியோ எடுத்தார்கள். ஹனிபா பாய் மட்டும் எடுக்கவில்லை, உதடு அசைந்துகொண்டிருந்தது.

சுனில் விசில் ஊதினார். நீளமாக.

மூன்றாவது அலை எங்கள் நெஞ்சில் அடித்தது. அதைக்கூடத் தாங்கினோம். அது திரும்பிப் போகும்போதுதான் காலுக்கடியில் இருந்த மணலையும் எடுத்துக்கொண்டு போனது. நிற்பதற்கு நிலம் இல்லாமல் போவது என்றால் என்னவென்று கோப்புகளில் எழுதியிருக்காது. வானம் ஒரு தரம் தெரிந்தது, பிறகு பச்சையாக எல்லாம் சுழன்றது, மூக்கிலும் காதிலும் உப்பும் மணலும். மணிக்கட்டில் ஒரு பிடி மட்டும் இருந்தது.

தலை மேலே வந்தபோது செல்வராசுவின் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில். அவன் இன்னொரு கையால் நீந்திக்கொண்டிருந்தான். நன்றாகவே நீந்தினான். கண்கள் எதையோ தேடின. அந்தப் பக்கம், இந்தப் பக்கம். எனக்குத் தெரிந்தது, அவன் சுவரைத் தேடினான். பத்துக் கை போட்டாயிற்று, சுவர் வரவில்லை. அந்தக் கண்களை நான் மறக்கப்போவதில்லை. "மாமா" என்றான், சத்தம் வராமல்.

அப்புறம் கழுத்தில் ஏதோ வந்து இடித்தது. மிதவை வளையம். சுனில் எங்கள் இருவரையும் அதில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்கு நேராக வராமல் பக்கவாட்டில் போனார். எங்களைக் கொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவும் செய்தேன், துணை வட்டாட்சியர் சொல்லக் கூடாத சொற்களில். கொஞ்ச தூரம் போனதும் இழுப்பு நின்றது. அலையே எங்களை மணலில் கொண்டுவந்து போட்டது. வேட்டி வரவில்லை. பட்டாப்பட்டி டிராயரோடு, பெரம்பலூர் அரியலூர் மாவட்டங்களின் சிமெண்ட் வியாபாரிகள் அனைவர் முன்னிலையிலும் கிடந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

செல்வராசு உப்புத் தண்ணீராகக் கக்கினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். விடுதியின் நர்ஸ் ஓடிவந்தாள். அவளிடம் அவனே சொன்னான்: "ஸ்டென்ட் இருக்கும்மா. போன வருசம் வச்சது." சம்பந்தப்பட்டவர் நேரில் சொல்லிவிட்டார். அவள் ரத்த அழுத்தம் பார்த்தாள், மருத்துவரை அழைத்தாள், ஈ.சி.ஜி. படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரமெல்லாம் அவன் என் மணிக்கட்டை விடவில்லை. நர்ஸ் கேட்டதற்கும் விடவில்லை.

கிளம்புகிற நேரத்தில் தர்ஷினி கடைசிக் கருத்துக் கேட்க வந்தாள். கண் வீங்கியிருந்தது. பின்னால் மேலாளர், இப்போது நன்றாக வியர்த்து, "மன்னிக்கவும்" என்று எழுதிய ஒரு கேக்கோடு. சுனிலுக்கு எந்த முகம் என்று அவள் கேட்டதும் செல்வராசு இடது கையால் பச்சையை அமுக்கினான். மெதுவாக, ஒரே தரம்.

"கடற்கரைக்கு சேர்?"

அவன் விரலை எடுத்துக்கொண்டான். "நாங்க கேட்டோம்னு எறங்க வுட்டீங்களே, அதாம்மா குறை. அதப் போடு."

"அப்படிப் போட இடமில்லையே சேர்."

"மாமா, நீங்க எழுதுங்க. ஒங்களுக்குத்தான் எழுதத் தெரியும்."

எழுதினேன். விருந்தினர் எத்தனை முறை கேட்டாலும், எந்த முகத்தைத் தொட்டாலும், உயிர்க்காவலரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் கொடியை அகற்றக் கூடாது. கீழே எங்கள் ஆட்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முருகேசன் தன் பெயருக்கு நேரே நீச்சல் தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டார். மேலாளர் அதை வாங்கிப் படித்து, "அப்படியானால் நீங்கள் திருப்தியா, அதிருப்தியா?" என்று கேட்டார். பாவம், அவருக்கும் மேலே யாரோ கேட்பார்கள்.

விமானத்தில் செல்வராசு ஜன்னல் பக்கம் வேண்டாம் என்றான். நடு இருக்கையில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்தபடியே வந்தான்.

திருச்சியில் மங்கை வாடகை வண்டியோடு காத்திருந்தாள். அவளைப் பார்த்ததும்தான் அவன் கை தளர்ந்தது. "என்ன, ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்கிட்டு வர்றீங்க?" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். தோளைத் தடவினாள். முழுசாக இருக்கிறான். "ஏறு வண்டில" என்றாள்.

அவன் முன் சீட்டில் ஏறிய உடனே தூங்கிவிட்டான். சமயபுரம் சுங்கச் சாவடி தாண்டியதும் மங்கை என் கையைத் தன் மடிக்கு இழுத்து, மணிக்கட்டில் கன்றிப்போயிருந்த விரல் தடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இது அவங் கைதானே?"

"ஆமா."

"அப்ப நீங்களும் எறங்குனீங்களா?"

"முழங்கால் தண்ணிதான்."

"ஒங்களுக்குத்தான் நீச்சலே தெரியாதே."

நான் வெளியே பார்த்தேன். சாலையோரம் காய்ந்த நிலம் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகாக அதை நான் பார்த்ததே இல்லை.

"அவனப் பாத்துக்கங்கன்னுதானே சொன்னேன்" என்றாள். "ஒங்கள யாரு எறங்கச் சொன்னா?"

அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தம்பி எழுந்துவிடக் கூடாது என்று. அழுதுகொண்டே என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள், சரியாக அந்தத் தடங்களின் மேலேயே. நன்றாக வலித்தது. பெரம்பலூர் வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.